வலக்கைக்காரருக்குச் செய்த கமெரா

பரந்தன் சந்தியில் காலை ஆறரை மணிக்கு முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினேன். அது 2024 ஜூலை. சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்கும் காலம். மடியில் இருந்த கைப்பைக்குள் சாப்பாட்டுப் பார்சல், தண்ணீர்ப் போத்தல், ஒரு கொப்பி, பழைய பருத்தித் துவாயில் சுற்றிய ஒரு வீடியோ கமெரா.

முல்லைத்தீவுக் கரையோரத்தில் கருவாடு போடும் பெண்கள் குழு ஒன்று தங்கள் தொழிலைப் படமாக எடுத்துக் கண்காட்சியில் காட்ட விரும்பியது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பவும் சிலர் ஆசைப்பட்டார்கள். அவர்களே எடுக்கப் பழக்கிவிட்டு வருமாறு எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதற்கு நான்கு நாட்கள்.

கமெரா உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பற்றரியோடு சேர்த்து 200 கிராமுக்குச் சற்றுக் கூட. நான் சிறுமியாக இருந்தபோது கலியாண வீடுகளில் வீடியோக்காரர் தோளில் சுமந்து திரிந்த கமெராவையும், அவருக்குப் பின்னால் வெளிச்சம் பிடித்துக்கொண்டு ஓடும் பொடியனையும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1989இல் ஸொனி நிறுவனம் கடவுச்சீட்டு அளவு என்று விளம்பரம் செய்து விற்ற கமெராகூட 790 கிராம் இருந்தது. அதற்குள் நாடா ஓடியது. இப்போது நாடாவும் இல்லை. பெருவிரல் நகமளவு மெமரி அட்டை ஒன்றுதான். நல்ல தரத்தில் எடுத்தால் ஒரு நிமிடப் படத்துக்குச் சுமார் 180 மெகாபைட் இடம் வேண்டும். 32 ஜீபி அட்டையில் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக எடுக்கலாம்.

தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று பஸ் போனது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். முள்ளிவாய்க்காலைத் தாண்டி வட்டுவாகலில் அந்த ஒடுக்கமான பழைய பாலத்தில் பஸ் மெல்ல ஊர்ந்தது. ஒரு பக்கம் நந்திக்கடல் விரிந்து கிடந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று இருவர் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். காட்சி அழகாக இருந்தது. கமெராவை எடுத்துத் திரையை விரித்தேன்.

பக்கத்து இருக்கை அம்மா என் கையைப் பார்த்தார்.

“பிள்ளை, இதையோ எடுக்கிறாய்?”

அவ்வளவுதான் கேட்டார். 2009 மே மாதத்தில் ஆயிரக்கணக்கான சனம் இந்தப் பாலத்தால் நடந்து வந்தது. தானும் அதில் வந்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திரையை மூடி வைத்துவிட்டேன்.

அன்றிரவு அந்தத் துண்டைப் போட்டுப் பார்த்தேன். தண்ணீரும் வானமும் மேலும் கீழுமாகத் துள்ளின. கை நடுக்கத்தைக் குறைக்கும் வசதி இந்தக் கமெராவில் உண்டு. ஓடும் பஸ்ஸின் குலுக்கலுக்கு அது போதாது. அழித்துவிட்டேன்.

ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அங்குள்ளவர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். கிடுகுக் கொட்டிலின் கீழ் பதினொரு பெண்கள் கூடியிருந்தார்கள். தேத்தண்ணி வந்தது. கமெராவை நடுவில் பாயில் வைத்தேன். ஒருவரும் தொடவில்லை.

“மிஸ், இது பேஸ்புக்குக்குப் போகுமோ?” என்று ஒரு அக்கா கேட்டார்.

ஏன் கேட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. சில வருடங்களுக்கு முன் உதவி வாங்கித் தருவதாகச் சொல்லி இருவர் வந்து அவருடைய வீட்டையும் அடுப்படியையும் எடுத்திருக்கிறார்கள். கணவரைப் பற்றிக் கேட்டு, அவர் அழும் வரைக்கும் எடுத்திருக்கிறார்கள். அது யூரியூப்பில் வந்தது. உதவியும் கொஞ்சம் வந்தது. ஆனால் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று பல நாள் அழுதாளாம். வகுப்பில் எல்லோரும் அவளுடைய குசினியைப் பார்த்துவிட்டார்கள்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, ஆய்வுக்குப் போகுமிடத்தில் சம்மதம் பெறுவது பற்றி ஒரு முழுப்பாடம் எழுதிப் பாடமாக்கினேன். அந்த அக்காவின் கேள்விக்கு அந்தப் பாடத்தில் பதில் இருக்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்தக் கமெராவுக்குள் சிம் இல்லை. இதிலிருந்து நேராக இணையத்துக்கு ஒன்றும் போகாது. எடுத்தது முழுக்க இந்தச் சின்ன அட்டையில் இருக்கும். நான்கு நாளும் அட்டை உங்கள் கையில். எதை வைப்பது, எதை அழிப்பது என்பதும் உங்கள் கையில்.

அட்டையைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் குங்குமச் சிமிழுக்குள் போட்டு மூடினார். பிறகுதான் மற்றவர்கள் கமெராவை எடுத்துப் பார்த்தார்கள். கையில் போன் இருக்கும்போது தனியாக ஒரு கமெரா எதற்கு என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இன்று நான் சொல்வது இந்தச் சிமிழைத்தான்.

பழக்கம் மறுநாள் காலையில் தொடங்கியது. இந்த வகைக் கமெராவில் கற்க வேண்டியவை அதிகம் இல்லை. பக்கத்துத் திரையை விரித்தால் கமெரா விழித்துக்கொள்ளும், மூடினால் உறங்கிவிடும். வில்லையை மூடும் சிறு கதவு வேறாக இருக்கிறது. அதைத் திறக்க மறந்தால் திரை கறுப்பாகவே இருக்கும். முதல் நாளில் எட்டுப் பேர் அதை மறந்தார்கள், நான் உட்பட. வலக்கையைப் பட்டிக்குள் நுழைத்தால் பெருவிரல் பின்னால் இருக்கும் பதிவுப் பொத்தானில் வந்து நிற்கும். சுட்டுவிரல் மேலே இருக்கும் சூம் பிடியில் இருக்கும். மெனுவில் தமிழ் இல்லை. அதனால் எழுத்தை விட்டுவிட்டு அடையாளத்தைப் பிடித்தோம். திரையில் சிவப்புப் புள்ளி இருந்தால் பதிகிறது, இல்லையென்றால் காத்திருக்கிறது.

கமெரா கையில் கையாக மாறிப் போய்க் கடைசியில் இருந்த தங்கச்சியிடம் வந்தது. அவர் அதை வாங்கினார், பட்டியைப் பார்த்தார், சிரித்தார்.

“மிஸ், இது வலக்கைக்காரருக்குச் செய்தது.”

2009இல் அவருக்குப் பதினான்கு வயது. ஷெல் விழுந்தபோது வலக்கையில் நான்கு விரல்கள் போய்விட்டன. பெருவிரல் மாத்திரம் மிஞ்சியது. மீன் வெட்டுவது, உப்பு அடைவது எல்லாம் இடக்கையால் செய்கிறார். கமெராவின் பட்டியோ வலக்கைக்கு மாத்திரம்தான். எத்தனையோ தடவை அந்தக் கமெராவைப் பிடித்திருக்கிறேன். அதை ஒருநாளும் நான் யோசித்ததில்லை. போரில் கையிழந்த பெண்கள் எத்தனை பேரோடு நான் வேலை செய்திருக்கிறேன் என்பதையும் அப்போது நினைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

முதலில் பிளாஸ்ரிக் கதிரையின் மேல் கமெராவை வைத்துப் பார்த்தோம். உயரம் சரிவரவில்லை. கமெராவின் அடியில் முக்காலி பூட்டுவதற்கு ஒரு துளை உண்டு. அது கால் அங்குல மரைத்துளை, ஏறக்குறைய எல்லாக் கமெராவிலும் இதே அளவுதான். ஊரில் துடுப்புச் சீவும் ஐயா ஒருவரிடம் போனோம். முறிந்த துடுப்புக் கட்டை ஒன்றை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கைக்கு இதமாகச் சீவி, நடுவால் துளைபோட்டுத் தந்தார். சைக்கிள் கடையில் கால் அங்குல போல்ட் ஒன்று வாங்கினோம். இங்கே ஒரு கவனம் வேண்டும். போல்ட் நீளமாக உள்ளே போனால் கமெராவின் வயிற்றைக் குத்திவிடும். மரத்துக்கு மேலே 4 மில்லிமீற்றர் மாத்திரம் நீட்டும்படி வாசர்களை அடுக்கி முடுக்கினார் ஐயா. காசு வாங்கவில்லை. “என்னையும் ஒருக்கா எடு பிள்ளை” என்றார்.

தங்கச்சி இடக்கையால் மரப்பிடியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். வலப் பெருவிரலால் பொத்தானை அழுத்தினார். சூம் பிடி அவருக்கு எட்டவில்லை. ஆகவே சூம் செய்யாமல் எதை எடுக்க வேண்டுமோ அதற்குக் கிட்ட நடந்து போனார்.

மற்றவர்கள் சூமை விட்ட பாடில்லை. தூரத்தில் நின்றுகொண்டு வள்ளத்தை இழுத்தார்கள், காகத்தை இழுத்தார்கள், ஒருவருடைய மூக்கை இழுத்தார்கள். கிட்ட இழுக்க இழுக்க கையின் சிறு நடுக்கமும் பெரிதாகும். அதோடு, சூம் படத்தைத்தான் கிட்டக் கொண்டுவரும், சத்தத்தைக் கொண்டுவராது. கரையில் சோளகம் வீசும்போது மைக்குக்குள் காற்று மாத்திரம் இரைந்தது. இந்தக் கமெராவில் வெளியே மைக் பூட்ட வழியில்லை. தங்கச்சி கிட்டப் போய், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்த துண்டில் மட்டும் கத்தி செதிலை வழிக்கும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. அன்று மாலை எல்லாரும் அதைப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து சூம் பிடியை ஒருவரும் தேடவில்லை.

வெயிலும் ஒரு பாடம் நடத்தியது. கடலைப் பின்னால் வைத்து எடுத்த முகங்கள் எல்லாம் கரிக்கட்டையாக வந்தன. நிற்கும் பக்கத்தை மாற்றி வெளிச்சம் முகத்தில் விழும்படி எடுத்தபோது சரியானது. காலை ஒன்பது மணிக்கு முன்னும் பின்னேரமும் எடுத்தவையே நல்லவை. உச்சி வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது. ஒருவர் குடை பிடிக்க மற்றவர் எடுத்தார். உப்புக் காற்றும் மணலும்தான் கரையில் கமெராவுக்குப் பெரிய எதிரிகள். சீலைத் தலைப்பால் வில்லையைத் துடைக்க வேண்டாம், ஒட்டியிருக்கும் ஒரு மணலே கீறிவிடும். முதலில் ஊதி, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்ற வேண்டும். இரவில் மூடி இறுக்கமான டப்பாவுக்குள், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சும் சிறு பைக்கற்றுகளோடு வைத்தால் வில்லையில் பூஞ்சணம் பிடிக்காது. பற்றரியைப் பவர் பாங்கிலேயே ஏற்றினோம். மின்சாரம் நின்ற இரவிலும் வேலை நிற்கவில்லை.

மூன்றாம் நாள் நான் விட்ட பிழையையும் சொல்ல வேண்டும்.

குழுவில் ஒருவரின் தாயார், எழுபது வயது தாண்டியவர், தன் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தானே கேட்டார். 2009இன் பிறகு அந்த மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளைகள் மாமாவைப் பற்றி அறிய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அன்று கமெராவை நானே பிடித்தேன். இவ்வளவு முக்கியமானதைப் பழகுநர் கையில் கொடுக்கலாமா என்று நினைத்தேன். பொத்தானை அழுத்தும்போது வரும் சத்தம் அவருக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று அதையும் நிறுத்தி வைத்திருந்தேன். அம்மா இருபது நிமிடம் பேசினார். அழவில்லை. மகன் சின்னனில் நந்திக்கடலில் இறால் பிடித்து வந்ததிலிருந்து, கடைசியாகக் கண்ட இடம் வரைக்கும் சொன்னார். முடிந்ததும் பொத்தானை அழுத்திக் கமெராவைப் பாயில் வைத்தேன்.

தங்கச்சிதான் குனிந்து பார்த்தார். “மிஸ், இப்பதான் சிவப்புப் புள்ளி நிக்குது” என்றார்.

தொடக்கத்தில் நான் அழுத்தியது பதியவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான் திரையைப் பார்க்கவில்லை. முடிந்தது என்று அழுத்தியபோதுதான் பதிவு தொடங்கியிருந்தது.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“திருப்பிச் சொல்ல ஏலாது பிள்ளை. ஒருக்காத்தான் சொல்ல ஏலும்.”

நான் வற்புறுத்தவில்லை. பாயில் கிடந்த கமெரா அதற்குள் பதினான்கு நிமிடம் ஓடியிருந்தது. அதையாவது பார்க்கலாமா என்று அவரே கேட்டார். பாய் விளிம்பு, அவருடைய இரண்டு கால்கள், உள்ளே வந்த ஒரு கோழி. மேலே அவருடைய குரல். கோழியைக் கலைக்கிறார். பாக்கு இடிக்கிறார். என்னிடம் “சாப்பிட்டுட்டுத்தான் போகவேணும்” என்கிறார். மகளை இரண்டு தரம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவர் திரையைப் பார்த்துச் சிரித்தார். அழிக்கட்டுமா என்று கேட்டேன்.

“ஏன் அழிப்பான்? என்ர காலும் குரலும் இருக்குதுதானே. என்ர அம்மான்ர குரல் எனக்கு ஞாபகமில்லை.”

முல்லைத்தீவுக் கரையோரக் குடும்பங்கள் பலவற்றில் பழைய அல்பம் இல்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனது போக மிஞ்சியதை 2009இல் இடம்பெயரும்போது இழந்தார்கள். கலியாணப் படமும் இல்லை, பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் படமும் இல்லை. இறந்தவரின் முகத்தைக் காட்ட அடையாள அட்டைப் பிரதி ஒன்றுதான் உள்ள வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். அந்த வீடுகளில் காலும் கோழியும் பாக்கு இடிக்கும் சத்தமும் சின்ன விஷயம் அல்ல.

என் பிழை பிழைதான். அந்த இருபது நிமிடம் திரும்பி வராது. அன்றிலிருந்து குழுவில் ஒரு பழக்கம் வந்தது. எடுப்பவர் பொத்தானை அழுத்தியதும், பக்கத்தில் நிற்பவர் திரையைப் பார்த்து “புள்ளி இருக்கு” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எடுக்கப்படுபவரும் விரும்பினால் பார்க்கலாம். திரையை முன்பக்கமாகத் திருப்பிவிட்டால் படத்தில் இருப்பவர் தன்னைத் தானே காணலாம். முதல் நாள் பேஸ்புக் பற்றிக் கேட்ட அக்கா நான்காம் நாள் அப்படித் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். தலைமயிரை ஒதுக்கினார், முந்தானையைச் சரிசெய்தார். “இப்ப எடுங்கோ” என்றார். பின்னணியில் அடுப்படி வராமல் கதிரையை வேலிப் பக்கம் நகர்த்தினதும் அவரேதான்.

கடைசி மாலை பொதுநோக்கு மண்டபத்துத் தொலைக்காட்சியில் கமெராவைப் பொருத்தி எடுத்ததெல்லாவற்றையும் போட்டோம். இரண்டு துண்டுகளை அழிக்கச் சொன்னார்கள். ஒன்றில் ஒருவருடைய கடன் பற்றிய பேச்சு தற்செயலாக விழுந்திருந்தது. மற்றதற்குக் காரணம் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. கருவாடு போடும் ஒன்பது நிமிடப் படத்துக்குத் தேவையானவற்றை மாத்திரம் எங்கள் அலுவலகத்துக்குத் தர முடிவெடுத்தார்கள். மற்றவற்றை இரண்டு அட்டைகளில் பிரதி செய்து, திகதி எழுதி, பொலித்தீனில் சுற்றி இரண்டு வீடுகளில் வைத்தார்கள். ஒரே இடத்தில் வைத்த பொருளுக்கு என்ன நடக்கும் என்று அவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அட்டைகளும் காலம் போகப் பழுதாகும் என்பதை மாத்திரம் சொல்லி, சில வருடங்களுக்கு ஒருமுறை புதிய அட்டைக்கு மாற்றச் சொன்னேன்.

சகோதரிகளே, உங்கள் கையிலும் ஒரு கமெராவோ போனோ இருக்கலாம். பெரிய படம் எடுக்க வேண்டியதில்லை. அசையாமல் நின்று பத்து வினாடி எண்ணுங்கள். கிட்டப் போங்கள். முகத்தில் வெளிச்சம் விழட்டும். எடுக்கு முன் கேளுங்கள், எடுத்த பின் காட்டுங்கள், வேண்டாம் என்றால் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்குள் ஒருவர் கமெராவோடு வந்தால் இதையே நீங்களும் கேளுங்கள். உதவி தருபவராக இருந்தாலும், என்னைப் போன்ற உத்தியோகத்தராக இருந்தாலும் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

திரும்பி வரும்போது கைப்பை இலேசாக இருந்தது. அலுவலகத்தில் பேசி, கமெராவைக் குழுவிடமே ஆறு மாதத்துக்கு விட்டுவிட்டு வந்தேன். வட்டுவாகல் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது, எடுக்கக் கையில் ஒன்றும் இல்லாமல் நந்திக்கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் தங்கச்சி தொலைபேசியில் எடுத்தார். மரப்பிடி விழுந்து வெடித்துவிட்டதாம். துடுப்பு ஐயா வேறொன்று சீவித் தந்தாராம். இந்தத் தடவை இரண்டு செய்வித்திருக்கிறார்கள். அயலூரில் இன்னொரு பெண்ணுக்கும் வலக்கை இல்லை, அவரும் பழக வருகிறாராம்.